வில்லங்கச் சான்றில் வராத பேய்கள்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வங்கிக் கிளையில் கொஞ்ச நாளாகப் பேய்தான் பேச்சு. பழைய கணக்குப் புத்தகங்கள் அடுக்கிய அறையை ஒட்டி ஒரு சின்ன அறை. நாலு பேர் டிபன் பாக்ஸைத் திறந்ததும், "எதுவரைக்கும் படிச்சீங்க?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கேஷியர் அம்மா 'டிராகுலா'வைத் தமிழில் படிக்கிறார். நகைக் கடன் பார்க்கிற நண்பர் ஸ்டீஃபன் கிங்கின் 'பெட் செமட்டரி'யை ஆங்கிலத்தில், செல்போனிலேயே படிக்கிறார். மேலாளர் பாக்கெட் நாவல் ஆள். பங்களா, ஊஞ்சல், நடுராத்திரிக் கொலுசு இல்லாத கதையை அவர் தொடமாட்டார். கவிதை எழுதுகிறவன் பேய் நாவல் படிப்பதை வெளியே சொல்லக் கூச்சப்பட வேண்டும் என்று இலக்கிய நண்பர்கள் நினைக்கிறார்கள். எனக்குக் கூச்சம் இல்லை. நானும் அந்த அறையில் ஒருவன்.

போன மாதம் பேச்சோடு பேச்சாக, "ராத்திரி படிச்சிட்டு லைட்ட அணைக்கவே பயமா இருந்துச்சு" என்று சொன்னேன். ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கென்ன சார் பயம்? நீங்கல்லாம் சுடுகாட்டுப் பக்கத்துலயே வளந்தவங்க. பேயே உங்களப் பாத்தா ஒதுங்கிப் போவும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை கழுவப் போனபோதுதான் அந்தச் சிரிப்பு தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

சொன்னவர் கெட்ட மனிதர் இல்லை. என் மகளுக்கு உடம்பு முடியாமல் போனபோது ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் என்னோடு நின்றவர். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. கெட்டவன் சொல்லியிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன்.

பயம் இல்லாதவன் என்று ஒருவனைச் சொல்வது புகழ்ச்சிபோலத் தெரியும். யாரைப் பார்த்து அதைச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். வேகிற பிணத்தைத் தட்டிப் போடுகிற வெட்டியானைப் பார்த்து. சாக்கடைக் குழியில் இறக்கப்படுகிறவனைப் பார்த்து. அழுகிப்போன மாட்டைத் தூக்கச் சொல்லப்பட்டவனைப் பார்த்து. பழக்கப்பட்டவன், அவனுக்கு ஒன்றும் ஆகாது, நாற்றம் தெரியாது, பயம் தெரியாது. வேலையை அவன் தலையில் கட்டுவதற்கு முன்னால் அவனிடமிருந்து மூக்கையும் பயத்தையும் பிடுங்கிவிட வேண்டும். அப்போதுதான் கட்டுகிறவனுக்குத் தூக்கம் வரும். பயப்படுவது மனுஷனுக்கு உள்ள உரிமை. அதைக்கூட நமக்குக் கொடுக்கவில்லை.

எங்கள் தாத்தாவுக்குப் பயம் உண்டு. அவர் ராத்திரி ஏற்றம் இறைத்துவிட்டு வருவார். வழியில் ஒரு புளியமரம். தூக்கு மாட்டிச் செத்தவள் அதில் இருக்கிறாள் என்று ஊரே சொல்லும். அந்த மரத்தடியில் தாத்தா சத்தமாகப் பாடிக்கொண்டே வருவாராம். அதைத் தாண்டினால் ஊர்த் தெரு. வீடுகள், திண்ணைகள், லாந்தர் வெளிச்சம். அங்கே நுழைந்ததும் பாட்டை நிறுத்திவிடுவார். தலைத்துண்டு இடுப்புக்கு வரும். திண்ணையில் யாராவது இருமினால் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் நகர முடியும். தெருமுனை தாண்டி இருட்டு வந்த பிறகுதான் மூச்சு வரும் என்று ஆயா சொல்லும். "செத்தவள கும்பிட்டா வுட்டுடுவா. உயிரோட இருக்கறவன் கும்பிட்டாலும் வுடமாட்டான்" என்பது ஆயாவின் சித்தாந்தம்.

ஊர்க்காரப் பிள்ளைகளுக்குப் பயம் இருட்டில் இருந்தது. எங்களுக்கு வெளிச்சத்தில் இருந்தது. உலகத்துப் பேய் நாவல்களில் பெரும்பாலானவை ஊர்த் தெருப் பிள்ளையின் பயத்தைத்தான் எழுதியிருக்கின்றன என்பது என் வாதம்.

கேஷியர் அம்மாவின் 'டிராகுலா'விலிருந்து தொடங்குவோம். பிராம் ஸ்டோக்கர் எழுதி 1897இல் வந்த நாவல். ரத்தம், பல், சவப்பெட்டி எல்லாம் நமக்கு ஞாபகம் இருக்கிறது. கதை எதில் தொடங்குகிறது என்பது மறந்துவிடுகிறது. அது ஒரு கிரயப் பத்திரத்தில் தொடங்குகிறது. ஜொனாதன் ஹார்க்கர் என்கிற இளம் வழக்கறிஞன், லண்டன் பக்கத்தில் பர்ஃப்ளீட் என்கிற இடத்தில் டிராகுலா வாங்குகிற பழைய மாளிகையின் தஸ்தாவேஜுகளோடு டிரான்சில்வேனியாவுக்குப் போகிறான். டிராகுலா யார்? கோட்டையில் இருக்கிற பிரபு. நம் பாஷையில் ஜமீன்தார். குடியானவர்களின் குழந்தையைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து தன் வீட்டுப் பெண்களுக்குத் தின்னக் கொடுக்கிறான். பறிகொடுத்த தாய் கோட்டை வாசலில் வந்து கதறுகிறாள். ஓநாய்களை விட்டு அவளை முடித்துவிடுகிறான். நாவலில் அவளுக்குப் பெயர் கிடையாது. ஒரு பக்கத்தில் வந்து போய்விடுகிறாள். ஆனால் அதே பிரபு லண்டனுக்கு வந்து நல்ல குடும்பத்துப் பெண்களின் கழுத்தைத் தொட்டதும் டாக்டர், வழக்கறிஞர், லார்டு எல்லாம் கூடி நாடு நாடாகத் துரத்துகிறார்கள். எந்தக் கழுத்துக்காகப் படை கிளம்புகிறது என்று பார்த்தாலே போதும்.

இந்த டிராகுலாவுக்குத் தமிழில் என்ன பெயர் வைத்தோம்? ரத்தக் காட்டேரி. வட மாவட்டங்களில் காட்டேரி எத்தனையோ சேரிக் குடும்பங்களின் சாமி. எங்கள் ஆயாவுக்குக் குலதெய்வம். பிள்ளைத்தாய்ச்சிக்காக வேண்டிக்கொண்டு கருவாட்டுக் குழம்பும் முட்டையும் வைத்துப் படைக்கிற தாய். கோட்டைக்கார ஜமீன்தாருக்கு எங்கள் ஆயாவின் சாமி பெயரை ஒட்டிவிட்டார்கள். ரத்தம் குடிக்கிறவன் மேலே இருக்கிறான், பழி கீழே இருக்கிறவள் மேல். இதை யாரும் உட்கார்ந்து சதி செய்திருக்க வேண்டியதில்லை. பாஷையே அப்படிப் பழகியிருக்கிறது.

அடுத்து, நகைக் கடன் நண்பரின் 'பெட் செமட்டரி'. 1983இல் வந்த நாவல். சிகாகோவிலிருந்து ஒரு டாக்டர் குடும்பத்தோடு அமெரிக்காவின் மெயின் மாநிலத்துக்குக் குடிவருகிறார். வீட்டு முன்னால் லாரிகள் பறக்கிற சாலை. பின்னால் காடு. காட்டுக்குள் குழந்தைகள் தங்கள் நாய் பூனைகளைப் புதைக்கிற இடம். அதற்கும் அப்பால் மிக்மாக் என்கிற பூர்வகுடிகளின் பழைய புதைநிலம். அங்கே புதைத்தால் செத்தது திரும்பி வரும், ஆனால் அதுவாக வராது. முதலில் பூனை. அப்புறம் லாரியில் அடிபட்ட சின்னப் பையன். பிள்ளை பெற்றவர்கள் யாரும் அந்தப் பக்கங்களை லேசாகத் தாண்ட முடியாது. நானும் தாண்டவில்லை. கிங் பெரிய கதைசொல்லி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்த நாவலில் மிக்மாக் மனிதர் யாராவது குடும்பத்தோடு, பேச்சோடு, பசியோடு வருகிறாரா? அவர்களுடைய நிலம் வருகிறது. அது கெட்டுப்போன மண். அவர்களுடைய வெண்டிகோ என்கிற பூதம் வருகிறது. மனிதர்கள் இல்லை. பக்கத்து வீட்டுக் கிழவர் போகிறபோக்கில் ஒரு தகவல் சொல்கிறார்: அந்த நிலம் யாருடையது என்று பூர்வகுடிகளுக்கும் அரசாங்கத்துக்கும் கோர்ட்டில் வழக்கு நடக்கிறதாம். கதை அங்கே நிற்கவில்லை. வங்கி குமாஸ்தாவான எனக்குக் கண் அங்கேயே நின்றுவிட்டது.

அந்த வழக்கு வெறும் கற்பனை இல்லை. பாசமக்குவாடி, பெனாப்ஸ்காட் என்கிற பூர்வகுடிகள், மெயின் மாநிலத்தின் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நிலம் சட்டவிரோதமாகப் பிடுங்கப்பட்டது என்று 1970களில் வழக்காடினார்கள். அவர்கள் கையில் இருந்தது 1790ஆம் ஆண்டுச் சட்டம். மத்திய அரசின் சம்மதம் இல்லாமல் பூர்வகுடி நிலத்தை யாரும் வாங்கக் கூடாது என்கிற சட்டம். மாநிலம் அந்தச் சம்மதத்தை வாங்கவே இல்லை. 1975இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் பேசியது. 1976இல் அங்கே நகராட்சிக் கடன் பத்திரங்களை விற்க முடியாமல் போயிற்று. சொத்துரிமையே சந்தேகத்தில் இருக்கும்போது கடன் பத்திரத்துக்கு எந்த வக்கீல் கையெழுத்துப் போடுவார்? கடைசியில் 1980இல் 8 கோடியே 15 லட்சம் டாலருக்குச் சமரசச் சட்டம் போட்டார்கள். அதில் மெயினில் இருந்த மிக்மாக் மக்கள் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கென்று தனிச் சட்டம் வர 1991 ஆயிற்று. இந்த வழக்கு மாநிலத்தையே ஆட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் கிங் அதே மெயினில், ஆரிங்டன் என்கிற ஊரில், லாரி ஓடுகிற சாலையோரம் வாடகை வீட்டில் இருந்து இந்த நாவலுக்கான அனுபவத்தைப் பெற்றார்.

வீட்டுக் கடன் கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது வில்லங்கச் சான்று. 30 வருடத்துக்கு அந்த மனையை யார் யாருக்கு விற்றார், அடமானம் வைத்தார், தானம் கொடுத்தார் என்று அதில் வரும். தமிழில் என்ன அழகான வார்த்தை பாருங்கள், வில்லங்கம்! பதிவாகிற வில்லங்கம்தான் அதில் வரும். பதிவாகாத வில்லங்கம் எங்கே போகும்? அது ராத்திரியில் வந்து கதவைத் தட்டும். வீட்டுக்காரன் அதைப் பேய் என்பான்.

பேய் வீட்டுக் கதைகளில் பலவற்றின் அஸ்திவாரம் இதுதான். எனக்கு முன்னால் இங்கே யாரோ இருந்தார்கள், அவர்கள் கணக்குத் தீரவில்லை என்கிற உறுத்தல். அமெரிக்கப் பேய்க் கதைகளில் வீட்டுக்கு அடியில் செவ்விந்தியர் இடுகாடு வருவது தேய்ந்துபோன உத்தி ஆகிவிட்டது. கிங்கின் 'தி ஷைனிங்' நாவலில் (1977) அது இல்லை. 1980இல் ஸ்டான்லி குப்ரிக் படமாக எடுத்தபோது ஓட்டலுக்கு அடியில் இடுகாட்டைக் கொண்டுவந்து வைத்தார். குடியேறிய சமூகத்துக்கு மனசு உறுத்துகிறது. ஆனால் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. அப்போது என்ன செய்வது? உரிமை கேட்கிறவனைப் பேயாக்கு. வைத்திருக்கிறவனைப் பாதிக்கப்பட்டவனாக்கு. படிக்கிறவனை அவனோடு சேர்த்துப் போர்வைக்குள் ஒளித்துவை.

நம் ஊருக்கு வாருங்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் நம் மக்களின் நிலைமையை 1891இல் அறிக்கையாக எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. அதன் வழியே சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டதாகக் கணக்கு. வேறு சாதியாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது என்பது உங்கள் உங்கள் ஊரில் உங்களுக்கே தெரியும். நிபந்தனை வருவாய்த் துறைப் பதிவேட்டில் கிடக்கும். வில்லங்கச் சான்றை மட்டும் பார்க்கிறவன் கண்ணில் படாது. அதன்மேல் இன்று என்னென்னவோ கட்டிடங்கள் நிற்கின்றன. 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் போராடியபோது போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். மேலாளர் படிக்கிற பாக்கெட் நாவல் பங்களாவில் கொலுசுச் சத்தம் கேட்கிறது. நம் பங்களாக்களுக்கு அடியில் யார் சத்தம் கேட்க வேண்டும் என்று ஒரு நாவல்கூடக் காது கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் பேய் நாவலே வேண்டாமா? அங்கேதான் நான் மாறுபடுகிறேன். கதையை மறுபக்கத்திலிருந்து எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

டோனி மாரிசனின் 'பிலவ்ட்' 1987இல் வந்தது. 1856இல் மார்கரெட் கார்னர் என்கிற கறுப்பினத் தாய், தப்பி வந்த இடத்தில் பிடிபட்டபோது மகளை அடிமையாக அனுப்ப மனமின்றித் தன் கையாலேயே கொன்றாள். அந்த உண்மைச் சம்பவத்திலிருந்து பிறந்த நாவல். அதில் வீட்டைப் பிடித்து ஆட்டுகிற பேய் யார்? அந்தக் கைக்குழந்தை. வீட்டுக்காரி அதைப் பார்த்து அலறுவதில்லை. என் பிள்ளை வந்துவிட்டாள் என்று மடியில் வைத்துக்கொள்கிறாள். அந்த மடிதான் அவளை அழிக்கவும் பார்க்கிறது. கடைசியில் தெருப் பெண்கள் கூடி வந்துதான் அவளை மீட்கிறார்கள்.

எச்.பி. லவ்கிராஃப்ட் 1920களின் நியூயார்க்கில், ரெட் ஹூக் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்த குடியேறிகளைப் பார்த்து அருவருத்து எழுதிய கதை 1927இல் அச்சானது. அவருக்கு நம்மைப் போன்ற முகங்களே பூதம். அதே கதையை விக்டர் லாவால் என்கிற கறுப்பின எழுத்தாளர் 2016இல் 'தி பாலட் ஆஃப் பிளாக் டாம்' என்று திருப்பி எழுதினார். ஹார்லெமில் ஒரு இளைஞன். கையில் கிடார் வைத்திருந்த அவனுடைய அப்பனை, துப்பாக்கி என்று நினைத்தேன் என்று சொல்லி வெள்ளைக்காரத் துப்பறிவாளன் சுட்டுவிடுகிறான். அதற்கப்புறம் கடலடியில் தூங்குகிற எந்தப் பூதம் அவனைப் பயமுறுத்தும்?

பிளாக்ஃபீட் பூர்வகுடி எழுத்தாளர் ஸ்டீஃபன் கிரஹாம் ஜோன்ஸின் 'தி ஒன்லி குட் இண்டியன்ஸ்' 2020இல் வந்தது. நாலு பூர்வகுடி நண்பர்கள், ஊர்ப் பெரியவர்களுக்கென்று விட்ட காட்டில் புகுந்து சினையாய் இருந்த எல்க் மானைச் சுட்டுவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து அது தேடி வருகிறது. இங்கே வெள்ளைக்காரன் பயம் மையத்தில் இல்லை. நாம் செய்த தப்பு நம்மைத் தேடி வருகிறது. இது எனக்கு ரொம்ப முக்கியம். ஆயா சொன்ன பேய்களில் பாதிப் பேர் கிணற்றில் விழுந்த மருமகள்கள். அவர்கள் எல்லாரையும் ஊர்க்காரனா தள்ளினான்? நம் தெரு ஆண்களின் கை அதில் இல்லையா? சேரிக்குள்ளும் பதிவாகாத வில்லங்கம் இருக்கிறது. அதையும் எழுத வேண்டும்.

தோழர்கள் இரண்டு விதமாகக் கோபப்படுவார்கள். பகுத்தறிவுத் தோழர், "பேயாவது பிசாசாவது, மூடநம்பிக்கைக்கு வக்காலத்தா?" என்பார். பேய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை தோழர். பயம் இருக்கிறது. யார் பயம் கதையாகிறது, யார் பயம் தமாஷாகிறது என்பதில் சாதி இருக்கிறது. அதை ஆராயாமல் ஒதுக்குவது பகுத்தறிவு ஆகாது. இன்னொரு தோழர், "கீழ்வெண்மணியில் 1968இல் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்களே, அதைப் பேய்க் கதை ஆக்குவாயா? நம் ரத்தம் மத்தவனுக்குப் பொழுதுபோக்கா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை. மலிவாக எழுதினால் அது இரண்டாம் தடவை எரிப்பதுதான். ஆனால் நம் ஜனங்கள் இதை முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனை, கழுவேற்றப்பட்ட காத்தவராயனை அவர்கள் பார்த்து ஓடவில்லை. சாமியாக்கி எல்லையில் நிறுத்தி, எங்களைப் பார்த்துக்கொள் என்றார்கள். கொன்றவனுக்குப் பேய், கொல்லப்பட்டவன் சனத்துக்குக் காவல். ஒரே சாவுக்கு இரண்டு கதை. இரண்டாவது கதையை நாவலாக்க நமக்கு யார் அனுமதி வேண்டும்? நம்மிடம் தன்வரலாறு வந்தது, கவிதை வந்தது. துயரத்தைச் சாட்சியாகச் சொல்ல மட்டும்தான் நமக்கு இடம், கற்பனையில் மிரட்டுகிற இடம் மற்றவர்களுக்கு என்று நாமே வேலி போட்டுக்கொள்ள வேண்டாம்.

சாப்பாட்டு அறைக்குத் திரும்புகிறேன். 'பிலவ்ட்' புத்தகத்தை நகைக் கடன் நண்பருக்குக் கொடுத்தேன். மூன்று வாரம் வைத்திருந்தார். "இதுல பேய் பயமாவே இல்ல சார். அந்த ஸ்கூல் வாத்தியார்தான் பயமா இருக்கார்" என்றார். அடிமைப் பெண்ணின் மனித குணம் எது, மிருக குணம் எது என்று மாணவர்களைப் பட்டியல் போடச் சொல்கிறானே, அந்த வாத்தியார். அப்போதுதான் தாத்தா பாட்டை நிறுத்திய கதையை நான் அந்த அறையில் முதல் தடவையாகச் சொன்னேன். பேயே ஒதுங்கிப் போகும் என்று சிரித்தவரும் இருந்தார். அன்று யாரும் சிரிக்கவில்லை. அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "எங்க வீட்லயும் திண்ணை இருந்துச்சு சார்" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இதைப் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பேய் நாவலைக் கையில் எடுத்தால், அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது, அதற்கு முன்னால் யார் பெயரில் இருந்தது என்று கேட்டுக்கொண்டு படியுங்கள். உங்கள் ஆயாவிடமும் அம்மாவிடமும் உட்கார்ந்து, அவர்கள் சொல்கிற பேயின் பெயர், கிணறு, மரம், அந்த நிலத்தின் சர்வே நம்பர் உட்பட எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். ஆயாக்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு தாய்ப் பத்திரமும் போகிறது.